பூஞ்சைப் புல்வெளியும் தரிசுக் கணக்கும்

வேல்ஸின் தலைநகரான கார்டிஃபின் வடக்கு எல்லையில் லிஸ்வேன், லானிஷென் என இரண்டு நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. தெற்கு வேல்ஸின் சுரங்கங்களில் வெட்டிய நிலக்கரி கார்டிஃப் துறைமுகத்தின் வழியாக உலகெங்கும் சென்றுகொண்டிருந்த 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெருகிவந்த நகர மக்களின் குடிநீருக்காகக் கட்டப்பட்டவை அவை. கரைகள் மண்ணால் ஆனவை. மழையில் அரித்துப் போகாதிருக்க அவற்றின்மேல் புல் வளர்க்கப்பட்டது. அந்தப் புல் தவறாமல் குட்டையாக வெட்டப்பட்டது. எவரும் அதற்கு உரமிடவில்லை, கலப்பை வைக்கவில்லை. நூறாண்டுக்கு மேல் இப்படியே கழிந்தது. இன்று, இலையுதிர் காலத்தின் ஈர நாட்களில் அக்கரைகளில் குருதிச் சிவப்பிலும் எலுமிச்சை மஞ்சளிலும் கிளிப்பச்சையிலும் சின்னஞ்சிறு காளான்கள் முளைக்கின்றன. தொட்டால் மெழுகு பூசியதுபோல வழுவழுக்கும் இவற்றை ஆங்கிலத்தில் 'வாக்ஸ்கேப்' என்பார்கள்; தமிழில் மெழுகுக்குடைக் காளான் எனலாம். அவற்றில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் அந்தக் கரைகளில் மட்டும் பதிவாகியுள்ளன.

1989ஆம் ஆண்டில் தாட்சர் அரசு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடிநீர் வழங்கலைத் தனியாருக்கு விற்றது. அதன்பின் நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கியதில், இவ்விரு தேக்கங்களும் மின்விநியோகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் சொத்தாயின. அந்நிறுவனத்திற்குத் தண்ணீர் தேவைப்படவில்லை, மனையிடமே தேவைப்பட்டது. லானிஷென் தேக்கத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டும் திட்டம் முன்வைக்கப்பட்டது. சுற்றுவட்டாரக் குடியிருப்போர் அமைப்பாகத் திரண்டு எதிர்த்தனர். விசாரணைகள், மேல்முறையீடுகள், 2010இல் தேக்கத்தையே வற்றவிட்ட நடவடிக்கை எனப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. மக்கள் கையில் இருந்த ஆவணங்களுள் ஒன்று, அந்தக் கரைகள் அவற்றின் புல்வெளிப் பூஞ்சைகளுக்காகவே சட்டப் பாதுகாப்புள்ள அறிவியல் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தன என்பதாகும். வீடுகள் எழவில்லை. பின்னர் இலாப நோக்கற்ற முறையில் நடக்கும் வேல்ஸ் நீர் நிறுவனம் தேக்கங்களைக் குத்தகைக்கு எடுத்துச் சீரமைத்து, 2023இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

இதைப் புரட்சி என்று சித்திரிக்க வேண்டியதில்லை. தங்கள் அக்கம்பக்கத்தைக் காக்க நினைத்த நகரவாசிகளின் இயக்கம் அது. ஆயினும் அதில் இடதுசாரிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. ஒரு நிலம் வெற்றிடமா, வளமானதா என்பதைத் தீர்மானிப்பது அந்நிலம் மட்டுமன்று. அதைப் பற்றி எவர் எழுதினார், எந்த மாதத்தில் சென்று பார்த்து எழுதினார், எந்த அளவுகோலை வைத்து எழுதினார், எழுதியதற்குச் சட்டத்தில் என்ன வலு இருக்கிறது என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. மூலதனம் இதை நன்றாக அறியும். அதனால்தான் பட்டியல் எழுதும் வேலையைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ள அது எப்போதும் முயல்கிறது.

காளானின் குடை என்பது அந்த உயிரியின் உடலன்று, கனி போன்றது. உடல் மெல்லிய இழைகளாக மண்ணுக்குள் பரவிக் கிடக்கிறது. குடை சில நாட்களே நிற்கும். சில ஆண்டுகளில் தலைகாட்டவே காட்டாது. மெழுகுக்குடைக் காளான்கள் மட்கிய பொருளை மட்டும் தின்று வாழ்பவையல்ல, புல்வெளிச் செடிகளோடு ஒருவகைக் கொடுக்கல் வாங்கலில் வாழ்பவை என்றே அண்மைக்கால ஆய்வுகள் கருதுகின்றன. செயற்கை உரத்தை இவை தாங்குவதில்லை. உழுது மறுவிதைப்புச் செய்த நிலத்தில் இவை மறைந்துபோகின்றன. திரும்பி வருவதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். இவற்றோடு சேர்ந்தே வாழும் பவளக் காளான்கள், மண்நாக்குக் காளான்கள் முதலியவற்றின் கதையும் இதுதான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930களில் இருந்த தாழ்நிலப் பழம்புல்வெளிகளில் 97 விழுக்காடு 1984க்குள் அழிந்துவிட்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. போர்க்காலத்தில் உணவு உற்பத்திக்காக உழப்பட்டவையும், போருக்குப்பின் அரசு மானியத்தோடு உரமும் மறுவிதைப்பும் செய்யப்பட்டவையும் இவற்றுள் அடங்கும். எஞ்சியவை உரவணிகத்தின் கண் படாத இடங்களே: தேவாலயக் கல்லறைத் தோட்டங்கள், பொதுமேய்ச்சல் நிலங்கள், பழைய மாளிகைகளின் முற்றப் புல்தரைகள், ஆடு மேயும் மலைச்சரிவுகள், அணைக்கரைகள். நிலப்பிரபுவின் புல்தரையும் ஊராரின் இடுகாடும் ஒரே காரணத்தால் தப்பிப் பிழைத்தது வரலாற்றின் வேடிக்கை.

எஞ்சியவற்றைக் காக்க அங்கு இரண்டடுக்கு ஏற்பாடு இருக்கிறது. மேலடுக்கு, நாடு தழுவிய முக்கியத்துவம் வாய்ந்த அறிவியல் தலங்கள். இவற்றிற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. உரிமையாளர் கூட அனுமதியின்றிச் சில வேலைகளைச் செய்ய இயலாது. பூஞ்சைகளை வைத்து இத்தலங்களைத் தேர்வதற்கான வழிகாட்டு நெறி 2018இல் திருத்தி வெளியிடப்பட்டது. ஒரு புல்வெளியில் 19 இன மெழுகுக்குடைக் காளான்கள் இருந்தால் அது பரிசீலனைக்கு உரியதாகும். கீழடுக்கு, உள்ளூர் வனவுயிர்த் தலங்கள். இங்கிலாந்தில் மட்டும் இத்தகையவை 40,000க்கு மேல் உள்ளன. உள்ளாட்சி மன்றம், இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள், உள்ளூர் இயற்கை ஆர்வலர்கள் ஆகியோர் கூடி, மாவட்டந்தோறும் தாங்களே வகுத்துக்கொண்ட அளவுகோலின்படி இவற்றைத் தேர்கின்றனர். மேலடுக்கின் எண்ணிக்கையை எட்டாத, ஆனால் அம்மாவட்டத்துக்கு அரிய புல்வெளிகளுக்கு இதில்தான் இடம் கிடைக்க முடியும்.

அளவுகோலை மாவட்டத்திலேயே வகுப்பதென்பது சிறிய செய்தியன்று. தலைநகரில் எழுதிய ஒற்றை அளவுகோல் சிறந்தவற்றுள் சிறந்ததை மட்டுமே பொறுக்கும். மற்றதெல்லாம் மனைக்கும் சாலைக்கும் போகலாம் என்பது அதன் சொல்லாத பொருள். ஊரில் எழுதிய அளவுகோல், இந்த ஊருக்கு எஞ்சியிருப்பது எது என்று கேட்கும்.

ஆனால் இந்த ஏற்பாட்டின் ஓட்டைகளும் அறியத்தக்கவை. முதலாவது, பருவம். புல்வெளியை மதிப்பிடுவோர் பெரும்பாலும் தாவரவியலர். பூக்கள் பூக்கும் கோடைத் தொடக்கத்தில் செல்வார்கள். காளான்கள் செப்டம்பருக்குப் பிறகே தலை நீட்டும். பாசி படர்ந்த, குட்டையாக மேயப்பட்ட, பூச்செடி குறைந்த புல்தரையிலேயே மெழுகுக்குடைக் காளான்கள் செழிக்கும் என்பதால், கோடையில் சென்றவர் 'இங்கு ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டு வருவார். அவர் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் எழுதினார். அந்த ஒரு வரியை வைத்து நிலம் கைமாறிவிடும். பல ஆண்டுகள், பல தடவை சென்று பார்த்தால்தான் ஒரு புல்வெளியின் பூஞ்சைக் கணக்கு ஓரளவு முழுமையாகும். மண்ணை எடுத்து அதிலுள்ள மரபணுத் தடயத்தைக் கொண்டு எந்தப் பருவத்திலும் பூஞ்சைகளை அடையாளம் காணும் முறையை வேல்ஸின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்த்துவருகின்றனர். அது உதவும். ஆனால் மண்ணை எடுக்க உள்ளே நுழைய வேண்டுமே!

அதுவே இரண்டாவது ஓட்டை. உள்ளூர்த் தலங்களில் பெரும்பகுதி தனியார் நிலம். உரிமையாளர் இசைந்தால்தான் ஆய்வு. மூன்றாவது, பட்டியலில் ஏறினாலும் சட்டவலு இல்லை. கட்டட அனுமதி கோரும்போது உள்ளாட்சி அதைக் கருத்தில் கொள்ள வேண்டும், அவ்வளவே. புல்வெளியில் உரம் கொட்டுவதற்குக் கட்டட அனுமதி தேவையில்லை. ஒரு பிற்பகலில் நூறாண்டு முடிந்துவிடும். நாடாளுமன்றச் சட்டங்கள் ஐயாயிரத்துக்கும் மேல் இயற்றி, 68 லட்சம் ஏக்கர் நிலத்தை வேலியிட்டு உடைமையாக்கிய நாட்டில் வேறெப்படி இருக்கும்? 'மூலதனம்' நூலின் முதல் பாகத்தில் மார்க்ஸ் ஆதித் திரட்டலை விளக்கும்போது சுட்டிக்காட்டும் அந்த வேலிகள் இன்னும் நிற்கின்றன. காளானை எண்ணப் போகும் தன்னார்வலர், வேலிக்கு வெளியே நின்று அனுமதி கேட்கிறார்.

அண்மைக்காலத்தில் இன்னோர் ஆபத்தும் சேர்ந்துள்ளது. அதன் பெயர் மரம். பருவநிலை மாற்றத்திற்குத் தீர்வாக மரம் நடுதல் முன்வைக்கப்படுகிறது. 'ஒன்றுமில்லாத' மேய்ச்சல் நிலம் அதற்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது. வேல்ஸில் வெளியூர் நிறுவனங்கள் பண்ணைகளை விலைக்கு வாங்கி, தம் கரிமக் கணக்கை ஈடுகட்ட மரம் நடுவது அங்குள்ள உழவர்களின் எதிர்ப்புக்கு உள்ளாகியிருக்கிறது. மரநிழல் விழுந்த இடத்தில் புல்வெளிப் பூஞ்சைகள் நிலைப்பதில்லை. பழம்புல்வெளியின் மண்ணே பெருமளவு கரிமத்தைச் சேமித்துவைத்திருக்கிறது என்பதும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

வேல்ஸில் சந்தை செய்வதை, இந்தியாவில் ஒன்றிய அரசு தன் திட்டமாகவே அறிவித்திருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'பசுமை வரவு'த் திட்டத்திற்கு 2024 பிப்ரவரியில் செயல்முறை வெளியானது. வனத்துறைக் கட்டுப்பாட்டிலுள்ள திறந்த காடு, புதர்நிலம், தரிசு, நீர்ப்பிடிப்புப் பகுதி ஆகியவற்றில் மரம் நடப் பணம் கட்டும் நிறுவனத்திற்கு மரத்துக்கு ஒன்றாக வரவு வழங்கப்படும்; எக்டேருக்குக் குறைந்தது 1,100 மரங்கள் வேண்டும் என்றது அது. வரவைச் சந்தையில் விற்கலாம் என்றும் அப்போது இருந்தது. வேறிடத்தில் காட்டை அழித்ததற்கு ஈடாகவும் காட்டலாம். 2025 ஆகஸ்டில் திருத்தப்பட்ட விதிகள், ஐந்தாண்டுக்குப் பின் 40 விழுக்காடு விதான அடர்த்தி எட்டியிருந்தால்தான் வரவு என்கின்றன. கட்டுப்பாட்டை இறுக்கியதாக இதைச் சொல்கிறார்கள். புல்வெளியைப் பொறுத்தவரை இது வேறொன்று. 40 விழுக்காடு நிழல் விழுந்த புல்வெளி, புல்வெளியே அன்று.

'தரிசு' என்று எழுதியது யார் என்ற கேள்வி இங்கே எழுகிறது. ஒன்றிய அரசின் நிலவளத்துறை 2019இல் வெளியிட்ட தரிசுநில வரைபடத் தொகுப்பின்படி, நாட்டில் 5 கோடியே 57 லட்சம் எக்டேர், அதாவது மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 17 விழுக்காடு தரிசு. புதர்நிலமும் மேய்ச்சல் நிலமும் மணல்மேடும் இதில் அடக்கம். செயற்கைக்கோள் படத்தை வைத்து வரைந்தது. ஆட்டு மந்தையும் மாட்டுத் தடமும் அந்த உயரத்திலிருந்து தெரிவதில்லை. இச்சொல்லின் வேர் ஆழமானது. அசாமில் தேயிலைத் தோட்ட முதலாளிகளுக்கு நிலம் வழங்க 1838இல் கிழக்கிந்தியக் கம்பெனி தரிசுநில விதிகளை இயற்றியது. வரி கட்டாத நிலம் வீண்நிலம் என்பதே அவர்களின் இலக்கணம். தமிழில் 'தரிசு' என்பது பயிரிடாது விடப்பட்ட நிலத்தைத்தான் குறித்தது. வீண் என்ற பொருள் வருவாய்த்துறையின் மொழிபெயர்ப்பில் ஏறிக்கொண்டது. முல்லை என்று மேய்ச்சல் நிலத்துக்கு ஒரு திணையே வகுத்த மொழிக்கு நேர்ந்த சிறுமை இது.

2019இல் பாலைவனமாதலைத் தடுக்கும் ஐ.நா. உடன்படிக்கையின் மாநாடு டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் நடந்தபோது, இந்திய அரசு அளித்த விவரமே ஒரு குற்றப்பத்திரிகை. 2005க்கும் 2015க்கும் இடையில் நாட்டின் புல்வெளி 1 கோடியே 80 லட்சம் எக்டேரிலிருந்து 1 கோடியே 20 லட்சம் எக்டேராகச் சுருங்கியது. பத்தாண்டில் மூன்றில் ஒரு பங்கு. இது காடாக இருந்திருந்தால் நாடாளுமன்றத்தில் ஒருநாளாவது விவாதம் நடந்திருக்கும்.

குஜராத்தின் கச்சு மாவட்டத்தில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்த பன்னி, ஆசியாவின் பெரிய புல்வெளிகளுள் ஒன்று. மால்தாரிகள் என்னும் மேய்ச்சல் சமூகத்தாரின் எருமைகள் இரவில் மேய்ந்து காலையில் பட்டிக்குத் திரும்பும் நிலம் அது. 1955இல் அரசு அதைப் 'பாதுகாக்கப்பட்ட காடு' என்று பதிந்தது. மரமில்லாத காடாயிற்றே என்று, உவர் படர்வதைத் தடுக்கும் காரணமும் சொல்லி, 1961 முதல் வனத்துறை சீமைக்கருவேலத்தை நட்டது. அந்த மரம் புல்வெளியில் பெரும்பகுதியை விழுங்கியது. வன உரிமைச் சட்டத்தின்கீழ் சமூக உரிமை கோரி மால்தாரிகள் இன்றுவரை போராடுகிறார்கள். 2021இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பன்னியிலுள்ள ஆக்கிரமிப்புகளை ஆறு மாதத்துக்குள் அகற்ற உத்தரவிட்டது அவர்கள் தொடுத்த வழக்கில்தான். பட்டியலில் ஒரே ஒரு சொல் தவறாக விழுந்ததற்கு இரண்டு தலைமுறைகள் கொடுத்த விலை இது.

இந்தியப் புல்வெளிகளுக்கும் பூஞ்சைகளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் மழைக்காலத்தில் மேற்கு ராஜஸ்தானின் சந்தைகளுக்குச் செல்லலாம். மணற்பாங்கான மேய்ச்சல் நிலங்களில் முளைக்கும் 'கும்பி' என்ற காளான்களை ஊர் மக்கள் பொறுக்கிவந்து விற்கிறார்கள். நாட்டின் பல பகுதிகளில் கறையான் புற்றைச் சார்ந்து முளைக்கும் புற்றுக் காளான், நிலமற்றவர் வீட்டுக்கும் ஆண்டில் சில நாட்கள் கறிக்கு நிகரான உணவு. அவற்றை விளைவிக்க எவராலும் முடியவில்லை. கறையான் மட்டுமே அறிந்த வேளாண்மை அது. எங்கே, எந்த இடிமழைக்குப்பின், எந்தச் சரிவில் முளைக்கும் என்ற அறிவு, பெரும்பாலும் பெண்களிடமும் ஆடு மேய்க்கும் சிறுவரிடமும் இருக்கிறது. எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை.

சட்டங்களின் கண்ணுக்கும் பூஞ்சை எளிதில் படுவதில்லை. வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகள் விலங்குகளையும் தாவரங்களையும் பற்றியவை. வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருளைத் 'தாவர மூலமுடையது' என்று வரையறுத்துவிட்டுத் தேனையும் அரக்கையும் அதில் சேர்க்கிறது. உயிரியல் வகைப்பாட்டில் பூஞ்சை தாவரமும் அன்று, விலங்கும் அன்று. சட்டத்தைத் தாராளமாகப் படித்தால் காளானும் உள்ளே வரும். வனத்துறை எந்தச் சட்டத்தைத் தாராளமாகப் படித்திருக்கிறது என்பது ஆதிவாசிகளுக்குத் தெரியும். சிலி நாடு 2010இல் தன் சுற்றுச்சூழல் சட்டத்தில் பூஞ்சைகளைப் பெயர் சொல்லியே சேர்த்தது.

'வேலையின்மையும் விலைவாசியும் மக்களை வதைக்கும் நாட்டில் காளானுக்காகக் கட்சி கவலைப்பட வேண்டுமா?' என்று கேட்கப்படும். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் மேய்ச்சல் நிலம் பறிபோவது வேலையின்மையன்றி வேறென்ன? ஒரு சூரியமின் பூங்காவோ கனிமச் சுரங்கமோ தோட்டக்காடோ 'தரிசில்' வரும்போது, முதலில் வெளியேற்றப்படுவது நிலப்பட்டா இல்லாத மேய்ப்பரும் விவசாயத் தொழிலாளியும்தான். நில உச்சவரம்பைப் பற்றிப் பேசும் இயக்கம், பட்டாவில் வராத பொதுநிலத்தைப் பற்றிப் பேசாதிருந்தால் ஏழைகளின் சொத்தில் பெரும்பகுதியைக் கணக்கில் விட்டுவிடுகிறது. சூரியமின்சாரம் வேண்டாம் என்பதன்று வாதம். அதன் விலையை ஜெய்சல்மேரின் ஆடு மேய்ப்பவர் மட்டும் ஏன் கட்ட வேண்டும் என்பதே கேள்வி. 1842இல் ரைன் மாநில விறகுத் திருட்டுச் சட்டத்தைப் பற்றி எழுதியபோதுதான் இளைஞர் மார்க்ஸ் பொருளியல் கேள்விகளை நேருக்கு நேர் சந்தித்தார். காய்ந்த சுள்ளியை அற்பமாக அவர் நினைக்கவில்லை.

இங்கே கையிலிருக்கும் கருவி எது? 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, உள்ளாட்சிகளைக் கலந்து 'பல்லுயிர் பாரம்பரியத் தலங்களை' மாநில அரசு அறிவிக்க வழி செய்கிறது. இங்கிலாந்தின் உள்ளூர்த் தலங்களுக்கு நெருங்கிய உறவு இது. சட்டத்தில் வேர் கொண்டிருப்பதால் ஒரு படி மேலானது. 2007இல் கர்நாடகத்தின் நல்லூர்ப் புளியந்தோப்பு முதல் தலமாயிற்று. சிக்மகளூர் மாவட்டத்தின் ஹோக்ரேகான் சோலைப் புல்வெளியும் பின்னர் சேர்ந்தது. ஆனால் அறிவிக்கப்பட்டவை பெரும்பாலும் தோப்பு, மலை, ஏரி, கோயிற்காடு. வெறும் புல்வெளி அரிது.

இந்த அறிவிப்பின் வலுவையும் வலுவின்மையையும் ஒருசேரக் காட்டியது மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சேர்ந்த 193 எக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அத்தலத்தையும் உள்ளடக்கிய 2,015 எக்டேர் டங்ஸ்டன் சுரங்க வட்டாரத்தை ஒன்றிய அரசு ஏலம் விட்டது. வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் ஏலம் எடுத்தது. ஏலம் விட்டவர்கள் பட்டியலைப் படிக்கவில்லை, அல்லது படித்தும் பொருட்படுத்தவில்லை. ஊர்கள் திரண்டன, கிராமசபைகள் தீர்மானம் இயற்றின, டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. அறிவிப்பு மட்டும் சுரங்கத்தைத் தடுத்திருக்காது. ஆனால் 'இது வெற்று மலை' என்று ஒன்றிய அரசு வாதாட முடியாதபடி வாயடைத்தது அந்த அறிவிப்பு.

37ஆம் பிரிவைக் கையிலெடுக்கும் முன் ஓர் எச்சரிக்கை. பாதுகாப்பு என்ற பெயரில் மக்களை வெளியேற்றிய வரலாறு இந்நாட்டில் நீண்டது. பரத்பூர் பறவைகள் காப்பகத்தில் 1982இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்த கிராம மக்கள்மீது காவல்துறை சுட்டது, உயிர்கள் போயின. பின்னர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு என்ன சொன்னது? எருமைகள் வெளியேறியதும் புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து நீர்ப்பரப்பை அடைத்தது, பறவைகளுக்கே கேடாயிற்று. வேல்ஸின் மலைச்சரிவில் ஆடு மேயாவிட்டால் உயரமாக வளரும் புல்லில் மெழுகுக்குடைக் காளான் மூச்சுத் திணறும். இரண்டிடத்திலும் மேய்ப்பரே பாதுகாவலர். ராஜஸ்தானின் ஓரண்களை அடையாளம் கண்டு அறிவிக்குமாறு 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டதை வரவேற்கும்போதே, அவை 'காடு' என்று வகைப்படுத்தப்பட்டால் மேய்ச்சல் நின்றுவிடுமோ என்று அங்குள்ள மக்கள் அஞ்சுவதையும் கேட்க வேண்டும். பன்னி அவர்களுக்கு எதிரே இருக்கிறது. எனவே தல அறிவிப்பும், வன உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தரும் மேய்ச்சல் உரிமையும் சேர்ந்தே கோரப்பட வேண்டும். ஒன்றைக் கேட்டு மற்றதை விடுவது, வனத்துறையிடம் சாவியைக் கொடுப்பதாகும். அறிவிப்பால் வாழ்வாதாரம் பாதிக்கப்படுவோருக்கு இழப்பீடோ மறுவாழ்வோ தரும் திட்டத்தை மாநில அரசு வகுக்க வேண்டும் என்று 37ஆம் பிரிவே சொல்வதையும் அறிவிப்பின் முதல் நாளிலேயே நினைவூட்ட வேண்டும்.

பட்டியலுக்கு அடித்தளம் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. நாடெங்கும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் ஏட்டளவில் இருக்கின்றன. பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரியைக் கெடுவாக விதித்தபோது பதிவேடுகள் அவசர அவசரமாக நிரப்பப்பட்டன. ஆலோசனை நிறுவனங்கள் எழுதிக் கொடுத்ததை ஊர் அறியவே இல்லை என்ற குற்றச்சாட்டு பல மாநிலங்களில் எழுந்தது. பல்லுயிர்ச் சட்டத்தையும் 2023இல் திருத்தி, மீறல்களுக்கான சிறைத்தண்டனையை நீக்கி அபராதமாக்கிவிட்டார்கள். இருந்தும் பதிவேட்டை எழுதும் உரிமை இன்னும் ஊராட்சியின் குழுவிடமே உள்ளது. அக்குழுவில் விவசாயத் தொழிலாளரும் மேய்ப்பரும் பெண்களும் இருக்கிறார்களா, கூட்டம் நடக்கிறதா, பதிவேடு எங்கே இருக்கிறது என்று கேட்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. கட்சியின் ஊராட்சி உறுப்பினர் எழுந்து கேட்டால் போதும்.

பதிவேட்டைத் திறந்து பார்க்கும்போது ஒரு சோதனை செய்யலாம். அதில் ஊரின் மேய்ச்சல் நிலத்துக்கு எத்தனை பக்கம்? கள ஆய்வு எந்த மாதத்தில் நடந்தது? ஏப்ரலில் நடந்திருந்தால் காளான் என்ற பத்தியே காலியாக இருக்கும். அந்தக் காலிப் பத்திதான் நாளைக்கு ஏலப் பத்திரிகையில் 'பயன்பாடற்ற நிலம்' என்று அச்சேறும். மழை தொடங்கி இரண்டாவது வாரத்தில், ஆடு மேய்ப்பவரை முன்னால் நடக்கவிட்டு, விவசாயிகள் சங்கக் கிளையும் அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் மாணவர்களும் சேர்ந்து ஒருமுறை நடந்து வரட்டும். அடுத்த மழையிலும், அதற்கடுத்த மழையிலும். கண்டதை, கண்ட நாளோடும் காட்டியவர் பெயரோடும் எழுதி, கிராமசபையில் வாசித்து, தீர்மானமாக்கி, நகலை மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்ப வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் நகலைக் கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்கக் கூடாது.